கேமரா அணையாத சமையலறை

“பேசாதம்மா. ஆறு மாசமா எடுத்த படம். மொத்தத்தையும் அழிச்சுட்டு, தெரியாம நடந்துடுச்சுங்கிற!”

காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு நாயிரி போட்ட சத்தம், அமெரிக்காவின் கிளெண்டேலில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. ஜன்னலை மூடப் போன நான், காற்றுக்காகத் திறந்தே வைத்தேன்.

அவள் சேர ஆசைப்பட்ட பல்கலைக்கழக சினிமாப் படிப்புக்கு ஐம்பதே இடம், விண்ணப்பமோ ஆயிரக்கணக்கில். சொந்தமாக எடுத்த ஐந்து நிமிடப் படம் அனுப்ப வேண்டும். ஞாயிறு கடைசி நாள், அன்று வெள்ளி. அம்மா சூஷான், ‘நான்தான் அழிச்சேன்’ என்பதற்குமேல் வாய் திறக்கவில்லை. கேமராவைத் திறக்கவே தெரியாதவள் எப்படி அழித்தாள் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

எங்கள் ஆர்மீனியர்களுக்கு ஒரு வாய்வழக்கு உண்டு: ‘உன் வலியை நான் எடுத்துக்கிறேன்.’ தக்காளி விற்பவனிடம்கூடச் சொல்வோம். எடுத்துக்கொண்டவர்கள் யாருமில்லை.

வேறு வழியின்றி நாயிரி சனிக்கிழமை, திராட்சை இலையில் கறி வைத்துச் சுருட்டும் அம்மாவின் கைகளைப் படமெடுத்தாள், முகம் கொடுத்துப் பேசாமலே. கொத்தமல்லி கேட்கும் சாக்கில் நான் கதவைத் தட்டினேன். கேமராவை அணைக்காமல் எழுந்து வந்தாள். அவளைக் கால்மணி நேரம் வாசலில் பிடித்துவைத்த பெருமை என்னுடையது.

அதற்குள் சமையலறைக்குள் நுழைந்தது அரக்ஸி. நாயிரியின் அத்தை, கணவன் போனபின் தம்பி வீடே கதி என்றிருப்பவள். மறுநாள் படத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோதுதான், கேமராவில் பதிவாகியிருந்த அவர்கள் பேச்சு நாயிரி காதில் விழுந்தது. பாத்திரம் திருப்பித்தரப் போன என் காதிலும்.

“சர்ச்ல நான் பாடுறதைப் படம் பிடிக்க இடம் வேணும்னு கேமராவுல இருந்ததை அழிச்சது நான். பழியை நீ எதுக்குடி ஏத்துக்கிட்ட?”

“எம்மேல கோவம்னா நாலு நாள்ல ஆறிடும், அக்கா. உங்க மேலன்னா பெட்டியைக் கட்டிடுவீங்க. எங்க போவீங்க?”

நாயிரி எழுந்து போய், சமைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். “வலி எடுத்துக்க உனக்கு வேற ஆளே கிடைக்கலையாம்மா...” என்றாள். சூஷான் கை கழுவாமலே மகள் தலையைத் தடவினாள்.

அத்தை மானம் போகுமே என்று நாயிரி அந்தப் பேச்சை வெட்டப் போனாள். அரக்ஸிதான் தடுத்தாள்.

“அனுப்பு. என் மூஞ்சி தெரியுதா?”

“இல்ல அத்தை, குரல் மட்டும்தான்.”

“பவுடர் போட்டுட்டு வரேன். மூஞ்சியையும் எடுத்துக்கோ.”

ஐம்பதில் ஒரு இடம் நாயிரிக்குக் கிடைத்தது. ஆகஸ்டில் விடுதிக்குப் போனாள். மறுவருடம் அரக்ஸி, மருந்துக்கடை ஹைகாஸைக் கட்டிக்கொண்டு ஃப்ரெஸ்னோவுக்குக் குடிபோனாள். சூஷானுக்குக் காலைக் காபிக்குத் துணை இப்போது நான்தான்.