முகம் தெரியாத பிள்ளை

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இறக்கி வைக்க வேண்டியவள் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையிலிருந்த போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குளித்த ஈரத் தலையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தவள் மருமகள்தான்.

“அத்தை... பால் பூரா போச்சு!”

“போனா போகட்டும்! கடையில வேற பால் கிடைக்கும். போன உயிரா, திரும்பக் கிடைக்காம இருக்க?”

 மருமகள் துணியை நனைத்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்வது அவளுக்குப் பழகிப்போன விஷயம். அவளால் தாங்க முடியாதது மாமியாரின் அந்தச் சிரிப்புதான். மூத்த மகன், இவள் கணவன், விபத்தில் போனதிலிருந்து மூன்று வருடமாகச் செத்துக் கிடந்த முகம் அது. இப்போது எவனோ ஒருவன் அதில் சிரிப்பை வரவழைத்துவிட்டான். சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் அவளால் சந்தோஷப்பட முடியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஃபேஸ்புக்கில் வந்தவன் அவன். ‘அம்மா, நான் உங்க பிள்ளையோட பழைய கம்பெனியில ஒண்ணா வேலை பார்த்தவன். என்னை உங்க பிள்ளையா ஏத்துக்குவீங்களா?’ அவ்வளவுதான். மாமியார் உடனே ஏற்றுக்கொண்டுவிட்டாள். அன்றிலிருந்து காலையில் ‘சாப்பிட்டீங்களாம்மா’, ராத்திரி ‘மாத்திரை போட்டீங்களாம்மா’.

ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த இளைய மகன் குரல் கொடுத்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். கேலியிலேயே காலத்தை ஓட்டுபவன். “அம்மா பெத்தது ரெண்டு, போன் பெத்தது ஒண்ணு! கடைக்குட்டின்னா எப்பவுமே செல்லம்தான்!”

“நீ பேசாதே! என்னைக்காவது மாத்திரை போட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கியா? பெறாத பிள்ளை கேக்கறான்டா...” என்றவள், மருமகள் பக்கம் திரும்பினாள். “இந்தா, நீயும் கேளு. அவன் எழுதியிருக்கறதை நல்லாக் கேளு. ‘அம்மா, அன்னைக்கு மத்தியானம் அவன் எனக்குப் போன் பண்ணினான். பொண்டாட்டி கடையிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, மழையில போய் அவளைக் கூட்டிட்டு வரணும், அலுத்துப் போச்சுடான்னான். அதுதான் கடைசிப் பேச்சு.’ கேட்டியா? என் பிள்ளை அலுத்துப் போய்ச் செத்திருக்கான்டி!”

துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

பொய். அப்பட்டமான பொய்! அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தப் பொய்யை முதன்முதலில் சொன்னவளே அவள்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர். மாமியார் பதறிப்போய் மகனைக் கூப்பிட்டாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பாலத்தடியில் லாரி மோதியது. ஆஸ்பத்திரி வாசலில் மாமியார் தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள். “நான் கூப்பிட்டுத்தானே வந்தான்... நானே கொன்னுட்டேனே!” என்று அலறினாள். நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. இரண்டு நர்சுகள் பிடித்தும் அடங்கவில்லை. அப்போதுதான் மருமகள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். “இல்லை அத்தை... நான்தான் கூப்பிட்டேன். என் கடைக்குத்தான் வந்துட்டிருந்தார். உங்களால இல்லை, அத்தை!”

வீட்டுக்கும் கடைக்கும் பாதை பிரிவது அந்தப் பாலத்தடியில்தான். யாரும் துருவிக் கேட்கவில்லை. மாமியார் மோதிக்கொள்வதை நிறுத்தினாள். மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு ஆரம்பித்த பார்வை இன்றுவரை மாறவில்லை.

சொன்னவள் வருத்தப்படவில்லை. ஓர் உயிரைப் பிடித்து வைத்தோமே என்றுதான் நினைத்தாள். ஆனால் மகள்... எட்டாவது படிக்கிற ‘வாலு’... அவளும் அதே பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாள். அம்மா அழைத்ததால் அப்பா போனார். வாயாடியான அந்தப் பெண் அம்மாவிடம் மட்டும் எண்ணி எண்ணிப் பேசுவாள்.

பால் பொங்கிய அன்று, மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. பிரேமில் லென்சைப் பொருத்தித் திருகாணியை முடுக்கும்போது அது நழுவி எங்கேயோ ஓடியது. மேஜைக்கடியில் குனிந்து தேடினாள். கண்தான் தரையில் இருந்தது; மனம் அந்த முகம் தெரியாதவனையே சுற்றியது. அவன் யார்? எதற்கு இப்படிப் பேசுகிறான்?

சாப்பாட்டு நேரத்தில் தன் போனில் அவன் ஃபேஸ்புக் பக்கத்தைத் தேடிப் பார்த்தாள். ஒரு ரோஜாப்பூ, ஒரு சூரிய உதயம். அவன் முகம் ஒரு படத்திலும் இல்லை. நண்பர்கள் என்று இருந்தவர்கள் அத்தனை பேரும் மாமியார் வயதுப் பெண்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் ‘சாப்பிட்டீங்களாம்மா’.

பிறகு மாமியாரின் பக்கத்துக்குப் போனாள்.  கணவனின் படம், வேலை பார்த்த கம்பெனி, இறந்த தேதி எல்லாம் கிடந்தன. ‘மனைவியை அழைக்கப் போய் உயிரை விட்ட என் செல்வமே’ என்று மாமியாரே எழுதியிருந்தாள். கீழே யூனிஃபாரத்தில் வாலு, பின்னால் பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகை! வீட்டைத் திறந்து போட்டு, விளக்கையும் ஏற்றி வைத்து, திருடனை வா வா என்றது போல இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொல்லிப் பார்த்தாள்.

“அத்தை, கோபப்படாதீங்க. முன்னே பின்னே தெரியாதவனை இவ்வளவு நம்ப வேண்டாம். நாம எழுதினதையே படிச்சுட்டு நமக்கே திருப்பிச் சொல்றான்.”

“என் பிள்ளை சொன்னதை அவன் சொல்றான். உனக்கு ஏன் சுடுது?”

“அவன் சொல்றது பொய், அத்தை!”

“பொய்னு உனக்கு எப்படித் தெரியும்? சொல்லு!”

எப்படிச் சொல்வாள்? அவன் பொய்யை உடைக்க வேண்டுமென்றால் முதலில் தன் பொய்யை உருவ வேண்டும். அதை உருவிவிட்டால் இந்தக் கிழட்டு உயிர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? 

“பார்த்தியா, வாயடைச்சுப் போச்சு! என் பிள்ளையையும் பறிச்சே. எனக்குன்னு ஒருத்தன் வந்தா அவனையும் பறிக்கப் பார்க்கறே. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா...?”

வாலு அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

சனிக்கிழமை. கடையில் கூட்டம் நெரிந்தது. ஆனாலும் காரணமே இல்லாமல் அவளுக்கு வீட்டு நினைப்பாகவே இருந்தது. வீட்டுக்குப் போன் செய்தாள், யாரும் எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். ‘பிசி’ என்று வந்தது. தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லை. ஆட்டோ பிடித்தாள். சிக்னல் விழும்போதெல்லாம் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

தெரு முனையில் ஒரு வெள்ளைக் கார் இன்ஜினை அணைக்காமல் நின்றது. கண்ணாடிகள் கறுப்பு.

மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறிக் கதவைத் தள்ளினாள். கூடத்தில் வாலு புது உடையில், தலைவாரி, செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். ஃபேஸ்புக் பிள்ளை கீழே வந்திருக்கிறானாம்; அண்ணன் குழந்தைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டுமாம், கடைக்குக் கூட்டிப்போகிறானாம். மாமியார் போனில், “இதோ அனுப்பறேன்ப்பா...” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அதிலேயே சாய்ந்து நின்றாள்.

“என் பொண்ணு எங்கேயும் போக மாட்டா.”

“வழியை விடு!”

“மாட்டேன், அத்தை. நீங்க இத்தனை நாள் என்ன சொன்னீங்களோ அத்தனையும் கேட்டுக்கிட்டேன். இதை மட்டும் கேக்க மாட்டேன்.”

“அப்படின்னா இந்த வீட்டை விட்டுப் போ! என் பிள்ளை இல்லாத வீட்டில உனக்கு என்ன வேலை?”

“போறேன். என் பொண்ணோட போறேன்.”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த இளையவன் விழித்தான். “அம்மா, என்ன பேச்சு இது? அண்ணி, நீங்களாவது...”

அவள் அவனைப் பார்க்கவில்லை. மாமியாரின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளும் மாமியாரின் பாதத்தில் இருந்தன. “ஒண்ணே ஒண்ணு, அத்தை. அவனை மேலே வரச் சொல்லுங்க. சினேகிதனோட போட்டோ இங்கேதானே மாட்டியிருக்கு? ஒரு தடவை வந்து பார்த்துட்டுக் கூட்டிப் போகட்டும். நான் குறுக்கே நிக்க மாட்டேன்.”

மாமியாருக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேல வாப்பா. உன் சினேகிதனை ஒரு தடவை பார்த்துட்டுப் போ. நானும் உன் முகத்தைப் பார்க்கணும்.”

“ஐயோ அம்மா... அவனைப் போட்டோவாப் பார்க்க எனக்கு நெஞ்சு தாங்காதும்மா. பாப்பாவை மட்டும் கீழே அனுப்புங்க.”

“அப்ப நானும் அவளோட வரேன்.”

“உங்களுக்கு எதுக்கும்மா அலைச்சல்? பாப்பா மட்டும் போதும். சீக்கிரம்...”

அந்தச் ‘சீக்கிரம்’ கூடத்தில் எல்லார் காதிலும் விழுந்தது. கெஞ்சிக்கொண்டிருந்த குரலில் திடீரென்று ஒரு முரட்டுத்தனம். வாலு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

மாமியார் போனையே பார்த்தாள். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலில் கேட்டாள். “ஏம்ப்பா... என் பிள்ளை அன்னைக்கு யாரைப் பார்க்க வந்தான்?”

“பொண்டாட்டியைத்தான்மா! எத்தனை தடவை சொல்றது? என்கிட்ட போன்ல சொன்னானே!”

“அவன் கடைசியாப் பேசினது என்கிட்டடா. ‘வீட்டுக்குத்தான் வந்துட்டிருக்கேன்மா, பாலத்துக்கிட்ட இருக்கேன், நீ தண்ணியில வழுக்கி விழுந்துடாதே’ன்னான். அதுக்கப்புறம் அவன் குரலை யாருமே கேக்கலை.”

 சட்டென்று இணைப்பு அறுந்தது. இளையவன் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு படிகளில் பாய்ந்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. “போயிட்டான். கார் நம்பரைப் பார்த்துட்டேன். போனைக் குடும்மா, ஸ்டேஷனுக்குப் போறேன். அவன் வலையில இன்னும் எத்தனை அம்மா இருக்காங்களோ!” கேலிப் பேச்சு எங்கோ ஓடிவிட்டிருந்தது.

அவன் போனபின் கூடத்தில் மூன்று பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

மருமகள் மெல்ல எழுந்தாள்.  “உங்களுக்குத் தெரியுமா, அத்தை? எல்லாம் தெரிஞ்சுதானா... இத்தனை நாளும்...?”

“தெரியும்டி!” மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். “நீ ஆஸ்பத்திரியில சொன்னப்பவே தெரியும். நீ கொடுத்த பொய்யைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் உயிரோட இருந்தேன். உன்னைத் திட்டத் திட்ட எனக்கு என் பாவம் மறந்துது. இவன் வந்து அதையே சொன்னான்... சாட்சி கிடைச்சுதேன்னு பாவி நான் அவனைப் பிள்ளைன்னு கூப்பிட்டேன். பேத்தியையே தூக்கிக் கொடுக்க இருந்தேனே!”

 மருமகள் அறைக்குள் போய்ப் பெட்டியை எடுத்தாள். இரண்டு புடவைகளை வைத்தாள். எத்தனை ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதிருப்பாள்! தெரியாமல் திட்டினார்கள் என்று நினைத்துத்தானே பொறுத்தாள்... தெரிந்தே திட்டியிருக்கிறார்களே!

வெளியே மாமியாரின் குரல் கேட்டது. அது மருமகளிடம் பேசிய பேச்சு இல்லை.

“இங்கே வாடி, கண்ணு. பாட்டி சொல்றதைக் கேளு. உங்கப்பாவை உங்கம்மா கூப்பிடவே இல்லை. நான்தான் கூப்பிட்டேன். குழாய் உடைஞ்சுதுன்னு கூப்பிட்டேன். பாட்டி செத்துடுவாளோன்னு பயந்து உங்கம்மா பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டா. நீ இத்தனை நாள் அவகூடச் சரியாப் பேசாம இருந்தியே... அந்தப் பாவமும் என்னோடதுதான்.”

அறை வாசலில் நிழல் விழுந்தது. வாலு நின்றாள்.

“அம்மா... நீ அப்பாவைக் கூப்பிடவே இல்லையா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். 

“ஏம்மா என்கிட்டகூடச் சொல்லலை? எத்தனை நாள் நான் உன்னை...” அதற்குமேல் அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது அழுததுபோல, ஏங்கி ஏங்கி அழுதாள். மூன்று வருடமாக எட்டி எட்டி நின்ற உடம்பு அது! மருமகள் அந்தத் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

மாமியார் வாசற்படியைத் தாண்டாமல் அங்கேயே தயங்கி நின்றாள். “நீ போறதுன்னா போம்மா. தடுக்க எனக்கு வாய் இல்லை. நாலு பேர்கிட்ட உன்னைப் பத்திச் சொன்ன இதே வாயால, அத்தனை பேர்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்.”

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் அந்தப் பழைய தழும்பு. சுவரில் மோதிக்கொண்ட தலை.

“யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், அத்தை. இவகிட்ட சொல்லிட்டீங்களே, அது போதும்.” அவள் பெட்டியைக் காலால் ஓரமாக ஒதுக்கினாள். “எனக்கு ஆறறதுக்கு நாளாகும். அதுவரைக்கும் என்னைச் சமாதானப்படுத்தாதீங்க. ஆனா... அங்கேயே ஏன் நிக்கறீங்க? உள்ளே வாங்க.”

ஒரு கை மகளைப் பிடித்திருந்தது. மற்றக் கையை அவள் நீட்டினாள்.