ஆறரை அடி அப்பா

வீல் என்று ஓர் அலறல்!

ஐஸ் ஹாக்கி அரங்கமே ஒரு கணம் உறைந்து போனது. ஏற்கெனவே உறைந்துதான் கிடந்தது, அது வேறு விஷயம்.

கனடாவின் சஸ்காச்சுவானில் வெஸ்டர்ஹோப் என்ற சின்ன ஊர். ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டாவது அப்போதுதான் முடிந்து, பையன்கள் உடை மாற்றும் அறைக்குள் போயிருந்தார்கள்.

அலறல் வந்தது, காலரிக்கு அடியில் இருந்த நடைவழியில் இருந்து.

கையில் காபியோடு ஓடினாள் வெர்னா பிட்ஸ்கால்னி. ஐம்பத்தெட்டு வயது. ஐந்தடி உயரம். பெரிய அணிகளுக்கு ஏற்ற பையன்களைச் சின்ன ஊர்களில் தேடிப் பிடிப்பது அவள் தொழில்.

நடைவழியில் ஆர்னி ஆஸ்லண்ட் நின்றிருந்தான். வேறொரு பெரிய அணிக்காக அதே வேலை பார்ப்பவன். நெடுநெடுவென்று உயரம், அதற்கு மேல் ஒரு தொப்பி. அந்த உடம்பில் இருந்தா அப்படி ஒரு சன்னக் குரல்...?

"நீயா ஆர்னி கத்தினது? நான் ஏதோ குழந்தைன்னு நெனச்சேன்."

ஆர்னி கீழே கை காட்டினான்.

தரையில் ஓர் ஆள் குப்புறக் கிடந்தான். ஆறரை அடி! நெற்றியோரம் ரத்தம்!

சிவப்பு ஜாக்கெட். அதன் முதுகில் பெரிய வெள்ளை எழுத்து...

'ரைலனின் அப்பா'.

வெர்னா காபியைக் கீழே வைத்துவிட்டு அந்த எழுத்தை இன்னொரு முறை படித்தாள்.

ஏனென்றால், அவளுடைய வேலை இப்போது அந்த முதுகில்தான் தொங்கிக் கொண்டிருந்தது.

ரைலன் டெம்சுக். உள்ளூர் அணியின் பதினேழு வயசுப் பையன். ரப்பர் வட்டு தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்கு மேலாகத் திரும்பி இரண்டு பக்கமும் பார்த்துவிடுகிறான். அப்புறம்தான் மட்டையை நீட்டுகிறான். இதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருகிற வித்தை இல்லை. முதல் பகுதியிலேயே வெர்னா அசந்து போய்விட்டாள்.

ஒரே ஒரு குறை. ஆள் குட்டை.

இனிமேல் வளர்வானா...? வளர்ந்தால் தங்கம். வளராவிட்டால் வெர்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவள் சிபாரிசு செய்த குட்டைப் பையன்கள் குட்டையாகவே நின்றுவிட்டார்கள். அதில் ஒருவன் இப்போது ரெஜைனாவில் டயர் விற்கிறான்.

'வளர்வானா?' என்று கண்டுபிடிக்க இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. பையனை விட்டுவிட்டுப் பெத்தவர்களைப் பார்க்க வேண்டும். அப்பன் எத்தனை உயரம், அம்மாவின் தோள் எத்தனை அகலம் என்று காலரியை நோட்டம் விட வேண்டும்.

நோட்டம் விட்டாள். கண்ணில் பட்டது இந்த மலை.

பேசிப் பார்க்கலாம் என்று எழுந்தாள். மலையும் எழுந்தது. விறுவிறுவென்று படி இறங்கி மறைந்துவிட்டது. அவளும் பின்னாலேயே இறங்கினாள்; ஆளைக் காணோம். சரி, எங்கே போய்விடப் போகிறார் என்று காபி வாங்கப் போனாள்.

இங்கேதான் போயிருக்கிறார். தரைக்கு!

"தள்ளுங்க, தள்ளுங்க. யாரும் எதையும் தொடாதீங்க."

கூட்டத்தை விலக்கிக் கொண்டு வந்தார் கான்ஸ்டபிள் பெல்லகார்ட். இளைஞர். மேட்ச் பார்க்க வந்தவர், வாயில் இன்னும் உருளைக்கிழங்கு வறுவல். குனிந்து நாடி பார்த்தார்.

"உயிர் இருக்கு. மயக்கம்தான். டாக்டருக்குச் சொல்லியாச்சு. ஓங்கி அடிச்சிருக்காங்க. யார் பார்த்தது முதல்ல?"

"நான்தான் சார்," என்றான் ஆர்னி. "ஆனா எனக்கு முன்னாடி ஒருத்தர் இவர் பின்னாலேயே வேகமா இறங்கினாங்க. காலரியில இருக்கிறவங்க எல்லாருமே பார்த்திருப்பாங்க."

"யாரு?"

ஆர்னி வருத்தமாக மூஞ்சியை வைத்துக் கொண்டான். அவன் வருத்தப்பட்டால் யாருக்கோ குழி தோண்டுகிறான் என்று அர்த்தம்.

"சொல்ல மனசு வரல. வெர்னாதான்."

கான்ஸ்டபிள் திரும்பினார். அவருடைய பார்வை வெர்னாவின் உச்சந்தலைக்கு மேலே போய்த் தேடிவிட்டு, கீழே இறங்கி வந்தது.

"மேடம், நீங்களா?"

"தம்பி, என்னைப் பாரு. அந்த ஆளையும் பாரு. அவர் நெத்தியில நான் அடிக்கணும்னா ஏணி வேணும்."

"உட்கார வச்சு அடிச்சிருக்கலாமில்ல?" என்றான் ஆர்னி.

"உன்னைக் கேட்டாரா?"

"பின்னாலேயே போனது உண்மையா மேடம்?" என்றார் கான்ஸ்டபிள்.

"போனேன். பேசலாம்னுதான்."

"என்ன பேச?"

"அவரோட உயரத்தைப் பத்தி."

கான்ஸ்டபிள் வறுவலை மென்று முழுங்கினார். "டாக்டர் வந்து இவர் கண்ணு முழிக்கிற வரைக்கும் நீங்க என் கார்ல வந்து உட்காருங்க."

கார்லயா...! மூன்றாவது பகுதி ஆரம்பிக்கப் போகிறதே!

அந்த நேரம் பார்த்து வெர்னாவின் போன் அடித்தது.

கிளெம். அவளுடைய முதலாளி.

"வெர்னா, இன்னிக்கு மேட்ச் முடியறப்போ எனக்கு ஒரே வார்த்தைதான் வேணும். டெம்சுக் பையன் வேணுமா, வேண்டாமா? நீ வேண்டாம்னா அந்த எதிர் டீம் தடியனை எடுத்துக்கறேன். புரூக்ஸ்."

"கிளெம், இங்க ஒரு சின்னப் பிரச்சினை..."

"எனக்கும்தான். மூணாவது தடவையும் நீ கோட்டை விட்டேன்னா, கார் சாவியை மேஜை மேல வச்சிட்டுப் போயிடு. பதில் சொல்லாம இருந்தாலும் அதேதான்."

லைன் செத்துப் போனது.

இருபது வருஷம். மைனஸ் முப்பது குளிரில், கடுகுச் சாஸ் பாக்கெட்டும் பழைய பெரோகிக் கொழுக்கட்டையுமாக ஊர் ஊராகச் சுற்றின வாழ்க்கை. அவளுக்கு வேறெதுவும் தெரியாது. வேறெதுவும் பிடிக்கவும் பிடிக்காது.

"வாங்க மேடம்," என்றார் கான்ஸ்டபிள்.

வெர்னா நகர்ந்தாள். ஓரக்கண்ணால் ஆர்னியைப் பார்த்தாள். இவளைத்தான் போலீஸ் கூட்டிப் போகிறதே, அவனுக்குக் கொண்டாட்டமாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் அவன் முகத்தில் ஈயாடவில்லை. கீழே கிடக்கிறவன் முழித்துவிடப் போகிறானே என்கிற மாதிரி பார்த்துக் கொண்டிருந்தான்.

அதே நேரம், நடைவழியின் அந்தக் கோடியில் ஒரு கதவு திறந்தது.

மைதானத்தின் ஐஸைச் சீவி வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிற பெண். இவ்வளவு நேரமும் வண்டி மேல் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி வந்து கொண்டிருந்தவள், இப்போதுதான் இறங்கி வந்தாள். பிளாஸ்கில் இருந்து டீயை மூடியில் ஊற்றிக் கொண்டே, அதைப் பார்த்துக் கொண்டே நடந்தாள்.

நடைவழியின் நடுவில், காலரியைத் தாங்குகிற இரும்பு உத்தரம் ஒன்று குறுக்கே ஓடியது.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டீயில் இருந்து கண்ணை எடுக்காமலேயே தலையை மட்டும் சட்டென்று குனிந்தாள். உத்தரத்தைக் கடந்தாள். மறுபடி நிமிர்ந்தாள். ஒரு சொட்டு டீ சிந்தவில்லை.

வெர்னா நின்றுவிட்டாள்.

மூளைக்குள் ஏதோ ஒன்று 'டிக்' என்றது!

"தம்பி, ஒரு நிமிஷம். அந்த உத்தரத்தைத் தொட்டுப் பாரு. அடிப்பக்கம்."

"எதுக்கு?"

"தொடேன். எனக்கு எட்டாது."

கான்ஸ்டபிள் எக்கித் தடவினார். விரலைப் பார்த்தார். விரல் நுனியில் சிவப்பு!

"ரத்தம்..."

"யாரும் அடிக்கல தம்பி. இவரா போய் முட்டிக்கிட்டார். வேகமா வந்தார், உத்தரத்தைக் கவனிக்கல, விழுந்தார்."

கான்ஸ்டபிள் உத்தரத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். தலை ஆடியது. "அப்ப உங்க மேல தப்பில்ல. சாரி மேடம். நீங்க மேட்ச் பார்க்கப் போகலாம்."

"அதானே, விபத்து," என்றான் ஆர்னி அவசரமாக. "முடிஞ்சுது. எல்லாரும் கலைஞ்சு போங்க. நான் இவரைக் கவனிச்சுக்கறேன்."

"நீ எதுக்குக் கவனிச்சுக்கறே? உனக்கு அவர் மாமனா மச்சானா?" என்றாள் வெர்னா. "தம்பி, இன்னொண்ணு யோசிச்சுப் பாரு. ரைலன் சின்னக் குழந்தையா இருந்ததிலிருந்து இந்த அரங்கத்துலதான் ஆடறான். அவனோட அப்பா எத்தனை நூறு தடவை இந்த வழியா வந்திருப்பார்? இந்த ஊர் உயரமானவங்க எல்லாருக்கும் தலை தானாக் குனியுது. இதோ இந்தம்மாவைப் பாரு, டீ குடிச்சுக்கிட்டே குனிஞ்சாங்க. இந்த ஆளுக்கு மட்டும் ஏன் தெரியல?"

கான்ஸ்டபிள் உத்தரத்தை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன்னா... இவர் இங்க வர்றது இதுதான் முதல் தடவை?"

"அப்படின்னா இவர் எப்படி அப்பா?"

ஆர்னி ஒரு அடி பின்னால் போனான்.

டீ மூடியோடு அந்த வண்டிக்காரப் பெண் கூட்டத்தைப் பிளந்து கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்து நின்றபோதுதான் வெர்னாவுக்கு அவளுடைய முழு உயரமும் தெரிந்தது. கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது!

"ரைலனோட அப்பா இங்க விழுந்து கிடக்கிறார்னு யாரோ சொன்னாங்க," என்றாள் அவள். "எங்க, காட்டுங்க. ஏழு வருஷமா தேடிக்கிட்டிருக்கேன் அந்த ஆளை."

"நீங்க யாரும்மா?" என்றாள் வெர்னா.

"டார்லா டெம்சுக். ரைலனோட அம்மா."

கிடந்தவனைப் புரட்டிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இது யாரு?"

அவளுடைய டீ மூடியில் இருந்து இரண்டு சொட்டு மூக்கில் விழ, மலை முனகியது. கண்ணைத் திறந்தது. கான்ஸ்டபிளின் தொப்பியைப் பார்த்ததும் கண்ணை மறுபடி மூடிக் கொண்டது.

"பார்த்துட்டேன், திறங்க," என்றார் கான்ஸ்டபிள். "உங்க பேரு?"

"டுவேன் சார். ரெஜைனாவில மெத்தைக் கடை விளம்பரத்துல நடிக்கிறேன். ராட்சசன் தூங்குவான் பாருங்க, அது நான்தான்."

"ரைலன் உங்க பையனா?"

"யாரு சார் ரைலன்?"

கூட்டத்தில் குபீரென்று சிரிப்பு.

"ஜாக்கெட் கொடுத்து, காலரியில உட்கார்ந்து கை தட்டுன்னாங்க. தட்டினேன். திடீர்னு இந்த அம்மா என்னைப் பார்த்து எழுந்து வந்தாங்க. எனக்குப் பேச வசனமே கொடுக்கலையே! பயந்து ஓடி வந்தேன். அப்புறம் என்னவோ டங்குன்னுச்சு."

"யாரு கொடுத்தது ஜாக்கெட்?"

டுவேன் படுத்தபடியே கையைத் தூக்கினான். விரல் நேராக ஆர்னியைக் காட்டியது!

ஆர்னி இருமினான். தொப்பியைச் சரி செய்தான்.

"சும்மா ஒரு தமாஷ் சார்..."

"தமாஷா?" வெர்னாவுக்கு இப்போதுதான் சுர்ரென்று ஏறியது. "தம்பி, ஜூன் மாசம் டீம்ங்க எல்லாம் வரிசையா ஆளுக்கொரு பையனைப் பேர் சொல்லி எடுக்கும். எங்க டீமுக்கு அடுத்தது இவன் டீமோட முறை. இவனுக்கு வேணும்கிறது அந்தத் தடியன் புரூக்ஸ். நாங்க முந்திக்கிட்டு எடுத்துடுவோம்னு பயம். அதுக்காக என்னைக் குட்டைப் பையன் பக்கம் தள்ளி விட, வாடகைக்கு அப்பனைப் பிடிச்சிருக்கான். இவர் முழிச்சு உளறுறதுக்குள்ள என்னை உன் கார்ல ஏத்தி அனுப்பப் பார்த்தான். என் வேலை போனா இவனுக்கென்ன, இல்லையா ஆர்னி?"

"வாடகைக்கு அப்பாவா?" டார்லா இடுப்பில் கை வைத்துக் கொண்டாள். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஸ்கேட்ஸ் செலவை இவர் தலையில கட்டியிருப்பேனே. இந்தக் குளிர்காலத்துல மூணாவது ஜோடி வாங்கியிருக்கேன்."

வெர்னாவின் காது நிமிர்ந்தது.

"மூணாவதா? பழசு கிழிஞ்சு போச்சா?"

"கிழியறதுக்கு எங்க நேரம்? கால் நுழையல. பாதம் மட்டும் நாளுக்கு நாள் பெருத்துக்கிட்டே போகுது. நாய்க்குட்டிக்குப் பெரிய பாதம் இருக்குமே, அந்த மாதிரி."

"ரைலனோட நிஜ அப்பா எவ்வளவு உயரம்?"

"நான் அண்ணாந்து பார்க்கிற உயரம். குட்டையானவனைக் கட்டிப்பேனா நான்? அவரும் கல்யாணத்துக்கு முந்தின வருஷம்தான் சடசடன்னு வளர்ந்தாராம்."

வெர்னாவுக்கு வாய் விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது.

பொய் சொல்லப் போய், உண்மையையே செலவு பண்ணி ஜோடித்திருக்கிறான் ஆர்னி! வண்டி மேல் உட்கார்ந்திருந்த டார்லாவை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறான். அவள் இறங்கி நின்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

மேலே விசில் ஒலித்தது. மூன்றாவது பகுதி!

வெர்னா படியேறி ஓடினாள்.

ஆறடி மூன்று அங்குல புரூக்ஸ், தாடியும் மீசையுமாக, ரைலனைத் தடுப்புச் சுவரோடு சேர்த்து நசுக்கினான். கூட்டம் 'ச்சோ' என்றது. ரைலன் விழுந்தான். எழுந்தான். தோளுக்கு மேலாக ஒரு பார்வை... புரூக்ஸ் அந்தப் பெரிய உடம்பைத் திருப்பி முடிப்பதற்குள் வட்டைத் தட்டிப் பறித்துக் கொண்டு போய்விட்டான்.

கோல்!

அரங்கமே அதிர்ந்தது. வண்டிக்காரி டார்லா கேட்டருகில் நின்று, டீ மூடியால் பிளாஸ்கைத் தட்டித் தாளம் போட்டாள்.

மேட்ச் முடிந்ததும் வெர்னா போனை எடுத்தாள்.

"கிளெம்? வேணும்."

"நிச்சயமா?"

"என் கார் சாவி மேல சத்தியம்."

"அவன் வளருவானா வெர்னா?"

"அடுத்த வருஷம் நீ அவனோட நின்னு போட்டோ எடுத்துக்கணும்னா, இப்பவே ஒரு ஸ்டூல் வாங்கி வை."

போனை வைத்துவிட்டுக் கீழே வந்தாள். நடைவழியில் கான்ஸ்டபிள் ஆர்னியிடம் விசாரணையை முடித்துக் கொண்டிருந்தார். டுவேன் நெற்றியில் பிளாஸ்திரியோடு, மீதிக் கூலியைக் கேட்டு ஆர்னியின் சட்டையைப் பிடித்துக் கொண்டு நின்றான்.

"கவலைப்படாதே ஆர்னி, புரூக்ஸ் உனக்குத்தான்," என்றாள் வெர்னா. "நல்ல பையன். திரும்பறதுக்கு மட்டும் ஒரு வாரம் ஆகும். அப்புறம் ஒரு யோசனை. அடுத்த தடவை அப்பாவை வாடகைக்கு எடுக்கிறப்போ, தலை குனியத் தெரிஞ்ச ஆளாப் பார்த்து எடு."

ஆர்னியின் முகம் பீட்ரூட் சூப்பாகிவிட்டது.

"உன் முன்னாடி நான் தலை குனியணுமா? அது மட்டும் இந்த ஜென்மத்துல நடக்காது, வெர்னா."

சட்டையை உதறி விடுவித்தான். நெஞ்சை நிமிர்த்தினான். தலையை உயர்த்தினான். விறுவிறுவென்று நடைவழியில் நடந்தான்.

டங்ங்ங்!

தொப்பி ஒரு பக்கம். ஆர்னி ஒரு பக்கம்.

வெர்னா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினாள்.

"கான்ஸ்டபிள் தம்பி... இந்தத் தடவை நான் உன் பக்கத்துலயேதான் நின்னுக்கிட்டிருந்தேன்."