உறைக்குள்ளே மணி

வெர்லின் ஹாக்ஸ்டாட் எதை மூடினாலும் இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் கடைசி. அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் டுலூத்தில் பனி விழுவதற்குள் கறி சுடும் கேஸ் அடுப்பைக் கட்டிவைத்துவிட வேண்டும். எரிகுழாய்களில் சிலந்தி குடியேறாமலிருக்க எண்ணெய் தடவினார். சிலிண்டரைக் கழற்றி, வீட்டுக்குள் கொண்டுபோகாமல், வேலியோரம் நிமிர்த்தி வைத்தார். சிலிண்டர் இருந்த அடியறையின் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினார்; குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், உள்ளே டிவியில் ஆட்டம் வேறு தொடங்கிவிட்டது. கறுப்பு உறையைப் போர்த்தி, கொக்கி வைத்த ரப்பர் கயிறுகள் நான்கை இழுத்து மாட்டினார். கல்யாணத்தைக்கூட அவர் இவ்வளவு கெட்டியாகக் கட்டிக்காத்ததில்லை.

ஆட்டம் பாதி முடிந்தபோது பின்வாசல் மரத்தளத்திலிருந்து ஒரு மணிச்சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மார்லிஸ் வளர்க்கும் கர்னல் என்ற பூனையின் கழுத்தில் அப்படியொரு மணி உண்டு. காற்று என்று சொல்லிக்கொண்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். மறுநாளும் காற்று. மூன்றாம் நாள், காணவில்லை என்று அச்சடித்த தாளோடு மார்லிஸ் வாசலில் நின்றாள். "பாக்கலையே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்று ராத்திரியோடு காற்றும் நின்றது. அதற்குப் பிறகு உறையைத் திறக்கும் தைரியம் அவருக்கு வரவேயில்லை.

பதிலுக்கு, குளிர்காலம் முழுக்க அவள் வாசல் பனியை அள்ளிக் கொட்டினார்.

"என்னங்க வெர்லின், விழறதுக்கு முன்னாடியே அள்ளிடுவீங்க போலிருக்கே! என்னைக் கட்டிக்கிற உத்தேசமா?"

"உடற்பயிற்சிங்க" என்றார்.

ஜனவரியில், நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஒரு மாலையில், சமையலறை ஜன்னல் வழியே பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது: மரத்தளத்தில் முழங்கால் அளவு பனி, கைப்பிடியில் பனி, வேலியோரச் சிலிண்டரின் தலையில் தொப்பிபோலப் பனி, ஆனால் கறுப்பு உறையின்மேல் மட்டும், அடியில் ஏதோ வெதுவெதுப்பாக மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதுபோல், ஒரு பொட்டுப் பனியில்லை. கண்ணாடியில் காதை வைத்தார். ஜன்னல் இடுக்கு வழியே பூனை ரோமம் கருகும் நாற்றம். எங்கோ நகம் தகரத்தைப் பிறாண்டுகிறது.

பிறகு, மணி.

மறுநாள் காலை ஒரு கயிறு பனிமேல் கிடந்தது. அடுத்த நாள் இன்னொன்று. அவர் போய் மாட்டவில்லை. போக முடியவில்லை.

மூன்றாவது கயிறு விழுந்த சாயங்காலம் மார்லிஸ் வேகவைத்த கறியும் உருளைக்கிழங்குமாக ஒரு தட்டோடு வந்தாள்.

"மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? சாப்பிட்டீங்களா இல்லியா?"

"நான்தான், மார்லிஸ்" என்றார். அடுப்பு, கதவு, ஆட்டம், காற்று. எல்லாவற்றையும் கொட்டினார். "மணி கேட்டுச்சு. கேட்டும் நான் எழுந்திருக்கல."

அவள் தட்டை மேசையில் வைத்தாள். "தெரியும்."

"தெரியுமா?"

"நவம்பர்லயே. நாத்தம் வேலி தாண்டி வந்துது. நீங்க வேலைக்குப் போனப்ப வந்து தெறந்து பாத்தேன். லைலாக் செடிக்குக் கீழ பொதைச்சேன். நீங்களா வந்து சொல்வீங்கன்னுதான் இத்தனை நாளா பாத்துட்டிருந்தேன், மனுஷா." கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன மணியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

வெர்லின் அழுதார். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பனியெல்லாம் உருகிக் கண்வழியே வந்தது. அப்படியென்றால் உள்ளே ஒன்றுமில்லை. வெறும் அடுப்பு.

கிணிங்.

மேசைமேல் மணி அசையாமல் கிடந்தது.

கிணிங்.

இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். உறை உள்ளிருந்து புடைத்தது. அடங்கியது. புடைத்தது. பூனையின் உயரத்தில் அல்ல, ஆள் உயரத்தில். மிச்சமிருந்த ஒரே கயிறு நூலாக இழுபட்டது. கொக்கி, நகமளவு நகமளவாக, நழுவிக்கொண்டிருந்தது.

"அதை எடுத்துப் பொதைச்சாச்சே." வெர்லின் அவள் பக்கம் திரும்பினார். "அப்புறம் எதுக்குக் கயித்தை மறுபடி கட்டினீங்க?"

மார்லிஸ் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொதைச்சுட்டு வந்த அன்னிக்குச் சாயங்காலமே உள்ள மணி கேட்டுச்சு, வெர்லின். அது வெளிய வந்துடக் கூடாதுன்னுதான் கட்டினேன்."