தலைமாட்டில் மஞ்சள் பொட்டு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இண்டியானா மாகாணத்தில், ஒரு புறநகர்க் குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று முறை தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் (எதிர்த்து யாரும் நின்றதில்லை), புல்வெளிகளின் பாதுகாவலருமான ஆர்வில் ஸ்டெக்மன், தமது அறுபத்தோராம் வயதில், உயிரையும் உடைமையையும் சங்க விதிகளையும் காக்கும் பொருட்டு முதல் கைத்துப்பாக்கி வாங்கத் தீர்மானித்தார்.

காரணம், வாழைப்பழம்.

மாடியில் படுக்கையறைக்கு நேர் எதிரே போர்வைகளும் விரிப்புகளும் வைக்கிற சின்ன அறை. மூன்று வாரமாக அங்கிருந்து ஒரு வாசனை. கனிந்து கறுத்த வாழைப்பழத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்ததுபோல, இனிப்பாக, தொண்டைக்குழியில் ஒட்டிக்கொண்டு காலை காப்பிவரை கூடவே வருகிற வாசனை. அந்த வீட்டில் வாழைப்பழமே வாங்குவதில்லை. அவர் மனைவி லோர்னாவுக்கு ஆகாது. ஆர்வில் கதவைத் திறந்து பார்த்தார். யாரும் இல்லை. தரையில் மடித்துக் கிடந்த பழைய கம்பளியில் மட்டும் அருகருகே இரண்டு குழிகள், யாரோ வெகுநேரம் முழங்காலிட்டிருந்ததுபோல.

அப்புறம் அந்தச் சத்தம். கண் சொருகும் வேளையில் ‘டக்’ என்று, காய்ந்த குச்சி ஒடிவதுபோல. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ‘டக்’. ஹீட்டர் குழாயாக இருக்கும் என்று ஆளை வரவழைத்தார். வந்தவன் தலையைச் சொறிந்தான். “இன்னும் ஹீட்டரே போடலையே சார். செப்டம்பர்தானே?”

“எனக்கு ஒண்ணும் கேக்கல, ஒரு நாத்தமும் இல்ல” என்றாள் லோர்னா. “ஊர்ல இருக்கறவன் புல்லையெல்லாம் அளந்து லெட்டர் போடாம இருந்தா, நீயும் தூங்குவே, அவனும் தூங்குவான்.”

புல் உயரம், குப்பைத்தொட்டி, அனுமதியில்லாத வேலி நிறம் என்று அந்த வருடம் அவர் அனுப்பியவை இருநூற்றுப் பதினான்கு எச்சரிக்கைக் கடிதங்கள். ஆக, சந்தேகத்துக்குரியவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். இவ்வளவு நல்ல மூக்கை வைத்துக்கொண்டு ஒரு நாற்றமும் இல்லை என்கிறாளே என்று யோசித்தார். லோர்னாவையும் சேர்த்து, இருநூற்றுப் பதினைந்து.

செவ்வாய்க்கிழமை மதியம் துப்பாக்கிக் கடைக்குப் போனார். கடைக்காரி ரொண்டா, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறவள்.

“யாரைச் சுடணும் கண்ணு?”

“யாரையும் இல்லை. இது கொள்கை சம்பந்தப்பட்ட விஷயம்.”

“கொள்கையச் சுடணும்னா பீரங்கி ஆகுமே!”

முதலில் சட்டைப்பையில் அடங்குகிற குட்டித் துப்பாக்கி. அவருடைய சுண்டுவிரல் பிடிக்கு வெளியே அந்தரத்தில் நின்றது. “டீ குடிக்கற மகாராணி மாதிரியே இருக்கு” என்று வாங்கி வைத்துவிட்டாள். அடுத்தது கொஞ்சம் பெரியது; அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். இழுத்தார். முகம் சிவந்தது, துப்பாக்கி அசையவில்லை. “ஊறுகாய் பாட்டிலையும் உன் பொண்டாட்டிதான் திறக்கறாளா?” என்று கேட்டு, கடைசியாக ஒரு ரிவால்வரை எடுத்து, உருளையைப் பக்கவாட்டில் திறந்து காட்டினாள். ஐந்து ஓட்டைகள். “இழுக்கவும் வேணாம், மல்லுக்கட்டவும் வேணாம். அஞ்சு போடு, மூடு.”

அது கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. படிவம் எழுதிக் கொடுத்தார். ஒரு தொலைபேசி அழைப்பு, மூன்றே நிமிடம். ஆர்வில் நல்லவர்தான் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தோட்டாவும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ரொண்டா. விலைகளை ஒப்பிடாமல் எதையும் வாங்குவது தலைவர்களுக்கு அழகல்ல என்று, அவள் கண்ணெதிரிலேயே செல்போனில் வேறொரு இடத்தில் ஆர்டர் செய்தார்.

ரொண்டா தோளைக் குலுக்கிக்கொண்டாள். “சரி, அதுவரைக்கும் கையைப் பழக்கு. ஒளிஞ்சு நிக்க வாகா ஒரு எடம் பாத்துக்கோ. அங்கேருந்து குறி எங்க விழணுமோ அங்க இதுல ஒண்ணு ஒட்டு.” மஞ்சள் பொட்டுகள் ஒட்டிய ஒரு தாளை நீட்டினாள். “தோட்டா இல்லாம, தினம் பத்து தடவை விசையை அழுத்து. இப்படி.”

டக்.

இரவில் கேட்கிற அதே சத்தம். ஆர்வில் ஒரு காலைப் பின்னால் வைத்தார்.

“பழகினப்புறம் நிஜத் தோட்டா” என்று சொல்லிக்கொண்டே ஒரு புட்டியைத் திறந்து துணியை நனைத்தாள். கனிந்த வாழைப்பழம்.

“அது... என்ன வாசனை?”

“துப்பாக்கி துடைக்கற எண்ணெய். ஏன் கண்ணு, வெளுத்துப் போயிட்ட?”

அவர் வீடு வந்து சேர்ந்தபோது மணி நான்கு. வெயில் இருந்தது. கீழே சமையலறையில் லோர்னா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். ரிவால்வரையும் பொட்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு, படிகள் முனகாதபடி ஓரமாகவே கால் வைத்து மாடிக்குப் போனார். படுக்கையறைச் சுவரில் மேப்பிள் மரத்தின் நிழல் மெதுவாக விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தது. எங்கே ஒட்டலாம் என்று பார்வையை ஓட்டினார். சுவர். ஜன்னல். கட்டிலின் தலைப்பலகை.

அங்கே ஏற்கெனவே ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது.

அவர் படுக்கிற பக்கம். தலையணைக்கு நாலு விரல்கடை மேலே. ஓரம் சுருண்டு, தூசி படிந்து. இன்று ஒட்டியதல்ல.

லோர்னா, என்று நினைத்தார். லோர்னாதான். முப்பத்தொரு வருடம்! பொட்டின் மேல் விரலை வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். பொட்டிலிருந்து திறந்த கதவு வழியாக, கோடு போட்டதுபோல நேரே எதிர் அறை. அதன் கதவு இரண்டு விரல் அகலம் திறந்திருந்தது. காலையில் அவரே அதைச் சாத்தியிருந்தார்.

வாழைப்பழம்.

“லோர்னா!”

“என்ன?” கீழேயிருந்து. சமையலறையிலிருந்து. வெங்காயத்தின் சத்தத்துக்கு நடுவிலிருந்து.

அதே நொடியில், எதிரே, இருட்டுக்குள்: டக்.

அவள் இல்லை. ஒரு மூச்சு நேரம் நிம்மதிகூட வந்தது.

டக்.

இத்தனை நாள் அவர் எண்ணியதே இல்லை. இப்போது எண்ணினார். மூன்று. நான்கு.

“கூப்பிட்டுட்டு வாயை மூடிக்கிட்டா எப்படி? இரு, வந்து தொலைக்கறேன்.” லோர்னாவின் செருப்பு படியேறியது. வராதே என்று சொல்ல வாயைத் திறந்தார். வாயில் எண்ணிக்கைதான் வந்தது.

ஏழு. எட்டு.

ஒன்பது.

பத்து.

அமைதி.

பிறகு ஒரு புதுச் சத்தம். உருளை திறந்தது. பித்தளைத் துண்டு ஒன்று ஓட்டைக்குள் வழுக்கி விழுந்தது. அவசரமே இல்லை. இன்னொன்று. இன்னொன்று. இன்னொன்று.

இன்னொன்று.

மூடியது.

“ஆர்வில்?” லோர்னா கடைசிப் படியில், கையில் கரண்டியோடு. அந்தக் கதவுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்.

கதவு இப்போது மூன்று விரல் அகலம். இருட்டில், முழங்காலிட்டவன் கண் இருக்கும் உயரத்தில், அதைவிடக் கறுப்பாக ஒரு வட்டம்.

ஆர்வில் தம் முதல் கைத்துப்பாக்கியை இரண்டு கைகளாலும் உயர்த்தினார்.

தோட்டாக்கள் வியாழக்கிழமைதான் வரும்.