ஏழாம் எண் நாய்

"குண்டன் தலைக்குள்ள இருக்கற முயலை அணைங்க."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று நாயைத் தத்துக் கொடுத்த அன்றே சொல்லியிருந்தார்கள். கனிமலர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதைக் கேட்டுவிட்டாள்.

காலடியில் குண்டன் படுத்திருந்தது. பெயர்தான் குண்டன், விலா எலும்பை எண்ணிவிடலாம். ஓய்வுபெற்ற பந்தயக் கிரேஹவுண்ட் நாய். அதன் கழுத்தில் தன் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள்.

பந்தய நாய்கள் மறுவாழ்வு மைய மேலாளர் ஜெகதீசன் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, அதெல்லாம் பந்தயத்தோட முடிஞ்ச கதைங்க. மைதானத்தையே மூடி எட்டு வருசமாச்சு."

கதை அவளுக்கும் தெரியும். பந்தய நாய்களின் மண்டைக்குள் மாயமுயல் வில்லை பதித்திருப்பார்கள். கழுத்துப்பட்டை சமிக்ஞை அனுப்பினால், நாயின் கண்முன் இல்லாத முயலொன்று பாயும். நாய் உயிரைக் கொடுத்து ஓடும். மைதானங்களைத் தடைசெய்த பிறகு நாய்கள் வீடுகளுக்கு வந்தன, பட்டையோடு. உடல்நிலை கண்காணிக்கவாம், கழற்றக்கூடாதாம். மாலை ஆறிலிருந்து ஆறரைவரை நாயைத் தொடவே கூடாதாம், ஓய்வு நேரமாம்.

"படிச்ச புள்ள, ஒப்பந்தத்தப் பாத்துத்தான கையெழுத்துப் போட்டீங்க?"

"எங்க வீட்டு மொதப் பட்டதாரிங்க நான். நாப்பத்தொரு பக்கமும் படிச்சேன். ஆறு மணிக்கு என்ன நடக்குதுன்னு மட்டும் அதுல இல்ல."

வேலை முடிந்து ஏழு மணிக்கு அவள் வீடு திரும்பும்போதெல்லாம் குண்டன் நுரைதள்ளி இரைத்துக் கிடக்கும். தன்னைக் காணாமல் ஏங்குகிறது என்று பூரித்துப்போயிருந்தாள். போன வியாழன் காய்ச்சல், வீட்டிலேயே இருந்தாள். ஆறு மணிக்கு, வழக்கமாகப் பேருந்தில் ஆடும் நாய்ப்பந்தய விளையாட்டைக் கைபேசியில் திறந்தாள். குண்டனைப் போலவே நெற்றியில் வெள்ளைக்கோடு இருக்கிறதென்று அவள் பிரியமாகத் தேர்ந்து வைத்திருந்தது ஏழாம் எண் நாய். வேகம் கூட்டத் திரையைத் தட்டினாள். மூலையில் கிடந்த குண்டனின் பின்னங்கால் உதறியது. மறுபடி தட்டினாள். மறுபடி உதறல்.

அதைச் சொன்னதும் ஜெகதீசனின் சிரிப்பு நின்றது.

"மைதானம் எதுக்குங்க இனி? நாய் உங்க வீட்ல ஓடுது, பந்தயம் கைபேசில நடக்குது. எடம் நீங்க தர்றீங்க, சோறும் நீங்களே போடறீங்க. அப்புறம் நீங்க மட்டும் என்ன யோக்கியமுங்க? ஏழாம் நம்பரை உங்களாட்டம் தட்டினவங்க ஊர்லயே இல்ல. அந்தப் பட்டியல்லயும் நீங்கதான் மொதப் பேரு."

கனிமலர் குனிந்து குண்டனின் நெற்றிக்கோட்டைத் தடவினாள்.

சுவர்க் கடிகாரம் ஆறைத் தொட்டது. ஜெகதீசனின் கண் குண்டன்மேல் போய் நின்றது. குண்டன் கொட்டாவி விட்டது.

கனிமலர் துப்பட்டாவை உருவினாள். வெறுங்கழுத்து. காலையிலேயே வெட்டிய பட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டாள்.

"பட்டையக் கழட்டினா நாய் மையத்துக்குச் சொந்தமுங்க. முப்பத்திரண்டாம் பக்கம்."

"படிச்சுட்டுத்தான் வெட்டினேன். முடிஞ்சா வந்து பிடிச்சுக்கங்க."

கைபேசி அதிர்ந்தது. 'ஏழு நின்றுவிட்டது. தட்டுங்கள்!'

அவள் பெருவிரல் தானாக உதறியது. ஒரு கணம் அந்த விரலையே பார்த்தாள். பிறகு கைபேசியையும் பட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எந்திரிடா" என்றாள். கதவைத் தள்ளிக்கொண்டு குண்டனோடு வெளியே நடந்தாள்.