தொண்ணூற்றேழு என்றே சொன்ன பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா நிஷாவைப் புகழ்ந்து பேசுவதில் எனக்கு அவ்வளவாக விருப்பம் கிடையாது. அவள் ஆறாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு. இரண்டு வருடம் முன்னால் பிறந்ததற்கே அவள் பண்ணுகிற அலட்டல் தாங்காது. ஆனால் இந்தக் காலாண்டு விடுமுறையில் அவள் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் அப்பா உலகநாதன் பெயின்டர். வீட்டுச் சுவருக்கு அடிக்கிறவர் இல்லை, வண்டிகளுக்கு அடிக்கிறவர். பூந்தமல்லியிலிருந்து நசரத்பேட்டை போகிற வழியில், எங்கள் வீட்டை ஒட்டியே தகரக் கொட்டகை போட்டு வைத்திருக்கிறார். நசுங்கிய இடத்தை நிமிர்த்தி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, அப்புறம் பெயின்ட் தெளிக்கிற கன்னைப் பிடித்து அடித்தார் என்றால், பத்து வருடத்து ஆட்டோகூட நேற்று வாங்கியது மாதிரி நிற்கும்.

அப்பாவுக்கு ஒரே ஒரு எதிரி. காற்றில் இருக்கிற ஈரம். ஈரம் அதிகமாக இருக்கும்போது அடித்தால், பெயின்ட் காய்ந்ததும் மேலே வெள்ளை பூத்துவிடும். போன மழைக்காலத்தில் ஒரு வேனுக்கு அப்படி ஆகிவிட்டது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடித்தார். பாவம், இரண்டு நாள் யாரிடமும் பேசவே இல்லை.

அதற்கு அப்புறம்தான் அந்தப் பெட்டிகள் வந்தன. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு சார் மாற்றலாகி வடக்கே போகும்போது, உங்களுக்கு உதவும் என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மொத்தம் இரண்டு பெட்டி. சின்ன வெள்ளைப் பெட்டி கொட்டகைத் தூணில் தொங்கும். அதை நாங்கள் வெளிப்பெட்டி என்போம். அது காற்றின் சூட்டையும் ஈரப்பதத்தையும் அளந்து, ஒயர் எதுவும் இல்லாமலே வீட்டுக்குள் இருக்கிற உள்பெட்டிக்கு அனுப்பும். உள்பெட்டியில்தான் திரை இருக்கிறது. அது வெளிப்பெட்டி சொல்வதை மேல் வரியில் காட்டும். தான் இருக்கிற அறையைத் தானே அளந்து கீழ் வரியில் காட்டும்.

மேல் வரியில் ஈரப்பதம் எண்பதைத் தாண்டினால் அப்பா கன்னைத் தொடவே மாட்டார். அந்தப் பெட்டிகள் வந்த பிறகு ஒரு வண்டிகூட வெள்ளை பூக்கவில்லை. அதனால் அப்பாவுக்கு அதன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூஜை. கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்து, பொட்டு வைத்துக் கும்பிட்டோம். மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு முதல் வேலையாக ஜமீலா அக்காவின் ஆட்டோவுக்கு மஞ்சள் பெயின்ட் அடிப்பதாக ஏற்பாடு. தேய்த்து முடித்து, அடிப்பூச்சும் பூசி, சாம்பல் நிறத்தில் ஆட்டோ தயாராக நின்றது.

ஜமீலா அக்கா வானகரத்தில் இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு எட்டுப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற ஆட்டோ அவருடையது. வெள்ளிக்கிழமை அதற்கு எஃப்.சி. எஃப்.சி. என்றால், இந்த வண்டி ரோட்டில் ஓடலாம் என்று அதிகாரிகள் பார்த்துக் கொடுக்கிற சான்றிதழ். பெயின்ட் இல்லாத ஆட்டோவைக் கொண்டுபோனால் பார்த்த கையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த தேதிக்குப் பல நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை வண்டியை எடுக்க முடியாது. அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அன்றைக்கு ஆட்டோ வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சில வீடுகளில் சொல்லிவிட்டார்களாம்.

விஜயதசமி அன்று, திங்கட்கிழமை, மேல் வரி தொண்ணூற்றாறு காட்டியது. அப்பா அடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தொண்ணூற்றேழு. புதன்கிழமையும் அதே தொண்ணூற்றேழு. ஆனால் வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா துவைத்துப் போட்ட போர்வை ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்தது.

புதன்கிழமை காலை ஜமீலா அக்கா பஸ் பிடித்து வந்தார். ஆட்டோ இன்னும் சாம்பல் நிறத்திலேயே நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

“அண்ணே, வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது. இன்னும் இன்னாண்ணே ஈரம்?” என்றார்.

“மெஷின் சொல்லுதும்மா. பொய் சொல்லணும்னு அதுக்கு இன்னா வேண்டுதலா? அவசரப்பட்டு அடிச்சு வெள்ளை பூத்துகிச்சுன்னா, வெள்ளிக்கிழமையும் போச்சு, வண்டியும் போச்சு. நாளைக்குப் பாக்கலாம்” என்றார் அப்பா.

ஜமீலா அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. ஆட்டோவில் ஏறி, ஓட்டுகிற சீட்டில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

என் அக்கா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நேராக வீட்டுக்குள் போய், பெட்டிகளோடு வந்த குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள்.

முதலில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தாள். டிவி ரிமோட்டில் இருந்த இரண்டையும் கழற்றி வெளிப்பெட்டியில் போட்டாள். சீரியல் நேரத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். போட்ட பிறகு பார்த்தால் மேல் வரியில் எண்ணே இல்லை, இரண்டு கோடுதான் இருந்தது. இருந்ததும் போச்சா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அவள் அசரவில்லை. புத்தகத்தை இரண்டு தடவை படித்தாள். பேட்டரி மாற்றினால் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று மறந்துவிடுமாம். முதலில் வெளிப்பெட்டிக்குப் பேட்டரி போட வேண்டும், அப்புறம்தான் உள்பெட்டிக்கு. அதே வரிசையில் கழற்றி மாட்டினாள். இரண்டு நிமிடத்தில் எண் வந்தது. தொண்ணூற்றேழு.

ஒருவேளை தகரக் கொட்டகை தடுக்கிறதோ என்று வெளிப்பெட்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தாள். தொண்ணூற்றேழு. பெட்டியை முதலிலிருந்து இயங்கவைக்கிற குட்டி பட்டன் உள்ளே இருந்தது, அதை ஊசியால் அழுத்திப் பார்த்தாள். அப்போதும் தொண்ணூற்றேழு. நானாக இருந்தால் அங்கேயே தூக்கிப் போட்டுவிட்டு விளையாடப் போயிருப்பேன். அவளோ மூக்கு நுனி வியர்க்க உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று எழுந்து உள்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அரை மணி நேரம் தொடக் கூடாது என்று எனக்குக் காவல் உத்தியோகம் வேறு.

அரை மணி கழித்துப் பார்த்தோம். உள்பெட்டி தானாக அளந்தது ஐம்பத்தொன்பது. வெளிப்பெட்டி அனுப்பியது தொண்ணூற்றேழு.

“ரெண்டும் ஒரே இடத்துல கீது. ஒண்ணுக்கு மட்டும் எப்டிடி மழை பெய்யும்?” என்றாள் அக்கா.

எது பொய் சொல்கிறது என்று கேட்டேன். அதற்கும் அவளிடம் வழி இருந்தது. ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, கூடாரம் மாதிரி இரண்டு பெட்டிக்கும் மேலே பிடித்தாள். உள்பெட்டியின் எண் மளமளவென்று ஏறியது. துண்டை எடுத்ததும் இறங்கியது. வெளிப்பெட்டியோ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என்ன கேட்டாலும் ஒரே பதில். வீட்டுப்பாடம் முடித்துவிட்டாயா என்று அம்மா கேட்கும்போது நான் சொல்கிற பதில் மாதிரிதான்.

அக்கா வெளிப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காற்று போய்வருவதற்குச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அதில் ஒன்றுகூடத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு மஞ்சளாக, மேலே காய்ந்து உள்ளே இன்னும் ஈரமாக, சந்தனம்.

இதுவரை உங்களிடம் ஒரு விஷயத்தை நான் சொல்லவில்லை. பூஜை அன்றைக்குச் சந்தனக் கிண்ணம் என் கையில்தான் இருந்தது. கன்னுக்கு ஒரு பொட்டு, கம்ப்ரசருக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே வந்தேன். வெளிப்பெட்டிக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். அப்பாவுக்கு அவ்வளவு உதவுகிற பெட்டிக்கு ஒரே ஒரு பொட்டா என்று தோன்றியது. முன்பக்கம் மூன்று பட்டை போட்டேன். பின்பக்கம் மிச்சச் சந்தனத்தையெல்லாம் அப்பிவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தொட்டிக் குழாயைப் பார்த்தேன். அவள் இரண்டு பெட்டியையும் கையில் எடுத்தாள். எழுந்து கீழே போனாள். நானும் பின்னாலேயே போனேன். போகும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று நாளாக ஜமீலா அக்கா காத்திருப்பது என்னால்தான்.

அப்பாவிடம் அக்கா நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். அப்பா லேசில் நம்பவில்லை. கடைசியில், ஈரத் துண்டு வேலையை அவர் கண் முன்னாலேயே இன்னொரு தடவை செய்து காட்டினாள். அப்பா வெளிப்பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பினார்.

“யாரு இவ்ளோ சந்தனத்தை அப்பினது?”

நான் அக்காவின் பின்னால் ஒதுங்கினேன்.

“ஆயுத பூஜைக்கு எல்லாருந்தானப்பா கும்பிட்டோம்” என்றாள் அக்கா.

அப்பா அந்தச் சந்தனத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை அக்காவிடமே திருப்பிக் கொடுத்து, சரிசெய்ய முடியுமா என்று கேட்டார்.

அக்கா பேட்டரியைக் கழற்றி ரிமோட்டிலேயே போட்டாள். அம்மாவின் சீரியல் அன்றைக்குப் பிழைத்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்தாள். தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படவிடவில்லை. பின்மூடியைத் திறந்து உள்ளே போயிருந்ததையும் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். உள்ளே தங்கிய ஈரம் போவதற்கு, துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டியை எடுத்தோம். முதலில் வெளிப்பெட்டிக்கு அதன் பழைய பேட்டரி, அப்புறம் உள்பெட்டிக்கு. மேல் வரியில் எண்பத்திரண்டு வந்தது. எனக்கு உயிரே இல்லை. அக்கா மட்டும், பொறு, வெயில் ஏறட்டும் என்றாள். எழுபத்தைந்து ஆனது. அறுபத்தெட்டு ஆனது. பதினொன்றரைக்கு இரண்டு பெட்டியையும் மறுபடி பக்கத்தில் வைத்தாள். ஒன்று அறுபத்திரண்டு, இன்னொன்று அறுபத்து மூன்று.

அப்பா முகமூடி மாட்டிக்கொண்டு, கன்னில் மஞ்சள் பெயின்ட் ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். ஜமீலா அக்காவும் வந்திருந்தார். எங்கள் அப்பா யாரிடமும் யோசனை கேட்கிற ஆள் இல்லை. பெயின்ட் விஷயத்தில் கடவுளே வந்து சொன்னாலும் கேட்க மாட்டார். அந்த அப்பா என் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னாம்மா, அடிக்கலாமா?”

அக்கா உடனே தலையாட்டிவிடவில்லை. “முதல்ல ஒரு பழைய தகரத்துல அடிச்சுப் பாத்துடலாம்ப்பா. பூத்துதுன்னா தகரத்தோட போவட்டும்” என்றாள்.

தகரத்தில் அடித்தார். நாங்கள் நான்கு பேரும் அந்தத் தகரத்தைச் சுற்றி நின்று, பால் பொங்குவதற்குக் காத்திருப்பது மாதிரி பார்த்தோம். காய்ந்தது. வெள்ளை பூக்கவில்லை. பளபளவென்று மஞ்சளாகவே இருந்தது. அதற்குப் பிறகு அப்பா யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரே மூச்சில் ஆட்டோவை முடித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. ஜமீலா அக்கா எஃப்.சி. வாங்கிவிட்டார். இறங்கி ஓடிவந்து அக்காவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமை எட்டுப் பிள்ளைங்களும் என் வண்டியிலதான், உன்னாலதான் கண்ணு என்றார். அக்கா அதற்கும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை.

“சந்தனத்தை அப்பினது நான்தான்ப்பா” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

அப்பா என் தலையில் கைவைத்தார்.

“தெரியும் பவித்ரா. அந்தச் சந்தனத்துல உன் கட்டைவிரலு அச்சு அப்டியே இருந்துச்சு. உங்கக்காவே உன்னக் காட்டிக் குடுக்கல. நான் மட்டும் எதுக்குக் கேக்கணும்னு கம்முனு இருந்துட்டேன்.”

நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு நாளாக என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டாதவள் அவள். இப்போதும் எதுவுமே நடக்காதது மாதிரி ஆட்டோவின் மஞ்சளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு அக்கா யாருக்கு இருக்கிறாள், சொல்லுங்கள்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு சுற்று போய்வரலாம், ஏறுங்கள் என்றார் ஜமீலா அக்கா. ஆட்டோ என்றால் ஓர சீட்டுக்காக எங்களுக்குள் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும். அன்றைக்கு நானே முதலில் ஏறி, உள்ளே தள்ளி உட்கார்ந்து, ஓரத்தை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தேன்.

போகும்போது மட்டும்தான். வரும்போது அது என் இடம்.