படத்தில் இல்லாத சிறுமி

ஜீவிதா எழுதியது பொய். கம்ப்யூட்டர் அதைச் சரி என்றது.

வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் மோகனசுந்தரத்தின் தென்னந்தோப்பு விடுதிக்கு வெப்சைட் அமைத்துக்கொண்டிருந்தாள். எல்லாப் படங்களுக்கும் கீழே சிவப்புக் குறி வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். வந்ததெல்லாம் பச்சை.

அவளுடைய பிரவுசரின் மேல்மூலையில் எக்ஸ்டென்ஷன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று பக்கம் திறக்க ஆகும் நேரத்தைச் சொல்லும்; ஒன்று வேலை செய்யாத இணைப்புகளைக் காட்டும்; ஒன்று நிறத்தின் எண்ணைச் சொல்லும். போன வாரம் சேர்த்த ஒன்று, படத்தையும் அதற்கு எழுதிய விவரணையையும் ஒப்பிட்டுப் பார்க்கும்; பொருந்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அந்த விவரணை பக்கத்தைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தேடுபொறிக்கும், பார்வையற்றவர்களுக்கு வாசித்துக்காட்டும் கருவிக்கும்தான் தெரியும். அதனால் அதில் கொஞ்சம் கூட்டி எழுதுவது இந்தத் தொழிலில் நடப்பதுதான். குழந்தைகளோடு தங்க இடம் தேடுகிறவர்களை இழுப்பதற்காக, கிணறு, ஊஞ்சல், மோட்டார் ரூம், கயிற்றுக்கட்டில் என்று ஆளில்லாத ஏழெட்டுப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் 'விளையாடும் சிறுமி' என்று சேர்த்துவிட்டிருந்தாள்.

கிணற்றுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாசி படர்ந்த கைப்பிடிச் சுவர். ஒரு தகர வாளி. யாரும் இல்லை.

பெருமாட்டியில் அது காற்றடிக்கிற மாதம். கணவாய் வழியாக வந்த வறண்ட காற்று பனையோலைகளை உரசிவிட்டு, ஓட்டுச் சந்துகளில் புகுந்து, அடுப்படியில் காலையில் காய்ச்சிய எண்ணெயின் வாடையை அறைக்குள் கொண்டுவந்து, ஜன்னல் கதவை ஆட்டிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் பிள்ளைகள் நொண்டி விளையாடினார்கள். அந்தக் கூச்சலுக்குள் தன் மகள் யோகப்பிரியாவின் கீச்சுக்குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது ஜீவிதாவின் பழக்கம். கணவன் பூபதிராஜா கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தான்.

மோகனசுந்தரத்துக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, இந்தப் படமெடுக்கறப்ப கொளந்தைங்க யாராச்சும் இருந்தாங்களா?"

"விடியக்கால எடுத்தது அம்மிணி. நாய்கூட எந்திரிக்கல. கெணத்துப் பக்கம் எவன் கொளந்தைய உடுவான்? நீயே எழுதிப்போட்டு நீயே என்னையக் கேக்கற. செத்த நேரம் படுத்துத் தூங்கு, போ."

திரும்பிப் பார்த்தபோது படத்தின் கீழே அந்த எக்ஸ்டென்ஷனின் பெட்டியில் ஒரு வரி கூடியிருந்தது.

பொருந்துகிறது. இன்னும் குறிப்பாக எழுதலாம்: மஞ்சள் பாவாடைச் சிறுமி. ஒற்றைக் கொலுசு.

இன்னொரு கொலுசு காலையில்தான் தொலைந்திருந்தது. அதற்காக, மஞ்சள் பாவாடையில் நின்ற யோகப்பிரியாவின் கன்னத்தில் ஒன்று வைத்துத்தான் விளையாட அனுப்பியிருந்தாள்.

எக்ஸ்டென்ஷன் கோளாறு என்றால் செய்வது ஒன்றுதான்: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அணைத்தாள். மேல்மூலை வெறுமையானது. பெட்டி போகவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். வெளியே கூச்சலில் கீச்சுக்குரல் இல்லை.

ஜன்னலுக்குப் போனாள். கம்பியோரம் தென்னை ஏறும் அழகுமலையின் மகள் தாரணி கொய்யாக்காய் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா எங்கடி?"

"தோப்புக்குப் போயிட்டாளுங்க. ஆரோ கூப்புடறாங்கன்னு வாய்க்காலத் தாண்டிப் போனா."

"ஆரு கூப்பிட்டாங்க?"

"எங்களுக்குக் கேக்கலீங்க. அவளுக்குத்தான் கேட்டுச்சு."

கதவுப் பக்கம் திரும்பியவளின் கண் திரையில் பட்டது.

சுவர்மேல் ஏறிவிட்டாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி மாறியது.

ஒரு கால் உள்ளே.

கிணற்றுக்குப் போக, வாய்க்காலுக்கு அப்பால் இரண்டு வயக்காடு தாண்ட வேண்டும். கால் போய்ச் சேராது. விரல் சேரும்.

விவரணையை அழித்தாள். 'கிணறு, யாரும் இல்லை' என்று அடித்தாள். சிவப்பு. பொருந்தவில்லை. 'கிணறு, ஆடு' என்று அடித்தாள். சிவப்பு. அதற்கு ஒரு பிள்ளை வேண்டும்.

தாரணி இன்னும் அங்கேயேதான் நின்றாள். மென்றுகொண்டு.

சிவப்பு கவுன் சிறுமி. முன்பல் இல்லை. கையில் கொய்யா.

பச்சை.

தாரணி மெல்லுவதை நிறுத்தினாள். யாரோ பெயர் சொன்னதுபோல் தலையைத் திருப்பினாள். கொய்யா விழுந்தது. ஓடினாள்.

ஜீவிதா அவளைக் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் யோகப்பிரியா மூச்சிரைக்க வந்தாள். "தாரணி எனக்கு எதுக்கால தோப்புப் பக்கம் ஓடறாம்மா. கூப்டாத் திரும்பிக்கூடப் பாக்கல."

ஜீவிதா கதவைத் தாழிட்டாள். மகளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு அவள் தலைமுடியை முகர்ந்தாள். வியர்வை. புழுதி. அதற்கடியில் பாசி வாடை.

அடுத்த படம் ஊஞ்சல். அதன் கீழும் அதே வரி: மஞ்சள் பாவாடைச் சிறுமி. ஒற்றைக் கொலுசு.

தாரணிக்கு எழுதியதையே எடுத்து அங்கே ஒட்டினாள். சிவப்பு.

இந்த விவரணை வேறு படத்துக்கு உள்ளது. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக எழுதவும்.

தொழிலில் அது விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த விதி.

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். நன்றாகப் பார்த்தாள். யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள், யாருக்கு எங்கே தழும்பு என்று பார்த்தாள். நீல டவுசர். பச்சை. ரெட்டைச் சடை. பச்சை. முழங்காலில் பிளாஸ்திரி. பச்சை. ஒரு சிரிப்பு பாதியில் நின்றது. ஆட்டத்தில் ஆள் குறையக் குறைய, மீதிப் பிள்ளைகள் குறைந்ததை அறியாமல் ஆடினார்கள். கடைசியாக ஒருத்தி தனியாக நொண்டிக்கொண்டிருந்தாள். அவளையும் எழுதினாள்.

காற்று மட்டும்.

இன்னும் ஒரு படம் இருந்தது. கயிற்றுக்கட்டில்.

வெளியே பார்த்தாள். புழுதியில் கிழித்த கட்டங்கள். யாரும் இல்லை. சாலைவரை பார்த்தாள். யாரும் இல்லை.

"அம்மா, கைய எடு. கூப்புடறாங்க."

"ஆரு சாமி கூப்புடறாங்க?"

"எல்லாருந்தான்."

இரண்டு கையாலும் மகளை இறுக்கிக்கொண்டாள். தட்டச்சு செய்ய ஒரு கையும் மிச்சமில்லை. கட்டில் படத்தின் பெட்டி தானாக நிரம்பியது: மஞ்சள் பாவாடை, ஒற்றைக் கொலுசு. பச்சை.

ஜன்னல் கம்பிகளில் ஈரமான சின்ன விரல்கள் வந்து பற்றின. ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி. கம்பி நிறைய விரல்கள். அவற்றுக்குப் பின்னால் முகங்கள் இல்லை, வெயில்தான் இருந்தது.